சுவரில் இருக்கும் விதி கைக்கு வர: சென்ட்ரல் லைன் தொற்றைத் தடுக்க ஐசியூ செவிலியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஐசியூவில் அந்தத் தாளை லேமினேட் செய்து, கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டியிருந்தார்கள். சென்ட்ரல் லைன், அதாவது கழுத்து, தொடை போன்ற இடத்திலுள்ள பெரிய ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் மருந்துக் குழாய், போடும்போது செய்ய வேண்டியவை ஐந்தே வரிகளில் இருந்தன. அதில் ஒரு வரி தவறு என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. கேட்டால் வரிசை மாறாமல் ஒப்பிப்பார்கள். ஆனாலும் லைன் போட்டு ஐந்தாம் நாள், ஆறாம் நாள் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். பிளட் கல்ச்சரில் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) கிருமி வளரும். நன்றாகத் தேறி வந்தவர் மறுபடி வென்டிலேட்டருக்குப் போவார்.

எல்லாருக்கும் தெரிந்த விதி ஏன் நடக்கவில்லை என்று தேடத் தொடங்கியபோதுதான் ஒரு செவிலியர் இதில் என்ன செய்ய முடியும் என்பது எனக்குப் புரிந்தது. நான் கற்றுக்கொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். உதாரணத்துக்கு சென்ட்ரல் லைனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வென்டிலேட்டர் நிமோனியா, படுக்கைப்புண், செப்சிஸ் என எந்த வழிகாட்டு நெறிக்கும் பாதை பெரும்பாலும் இதுவேதான்.

யார் செய்ய வேண்டிய வேலை இது

பன்னாட்டுச் செவிலியர் மன்றம் 2020இல் வெளியிட்ட நெறிமுறை, உயர்நிலைப் பயிற்சி பெற்ற செவிலியரை இரண்டு வகையாகப் பார்க்கிறது: கிளினிக்கல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட், நர்ஸ் பிராக்டிஷனர். இந்தியாவில் தீவிர சிகிச்சைக்கென்றே நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலைப் படிப்பை இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்திருக்கிறது. இரண்டு ஆண்டுகள், பெரும்பகுதி வார்டிலேயே. படித்து வந்தவர்களில் பலரை மருத்துவமனைகள் சாதாரண ஸ்டாஃப் நர்ஸாகவே டியூட்டியில் போடுகின்றன என்பது எனக்குத் தீராத வருத்தம்.

அவர்களால் என்ன முடியும் என்றால், ஆய்வுக் கட்டுரையைப் படித்துப் புரிந்துகொள்ள முடியும். அதே கையால் டிரெஸ்ஸிங்கும் மாற்ற முடியும். ரவுண்ட்ஸில் கன்சல்டன்ட்டோடு (மூத்த மருத்துவர்) மருந்து பற்றிப் பேச முடியும். இரவு டியூட்டி சிஸ்டர் எதற்குப் பயப்படுகிறார் என்பதும் தெரியும். டாக்டர்கள் யூனிட் மாறுவார்கள், பி.ஜி.க்கள் (முதுநிலை மருத்துவ மாணவர்கள்) போஸ்டிங் முடிந்து போவார்கள். படுக்கையருகே தொடர்ந்து இருப்பவர் செவிலியர். உங்கள் மருத்துவமனையில் அந்தப் பட்டம் பெற்றவர் இல்லையென்றால், அனுபவமுள்ள ஐசியூ சிஸ்டர் ஒருவரும் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியரும் சேர்ந்து இதைத் தொடங்கலாம்.

முதல் படி: ஒன்றே ஒன்றைப் பிடியுங்கள்

2020 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட தொற்றுத் தடுப்பு தேசிய வழிகாட்டு நெறிகளைத் திறந்து பாருங்கள். கை கழுவுவதிலிருந்து கழிவுப் பை நிறம் வரை எல்லாம் இருக்கும். மொத்தத்தையும் ஒரே மாதத்தில் கொண்டுவர நினைத்தால் ஒன்றும் வராது. நோயாளிக்குப் பெரிய கேடு செய்வது, உங்களால் எண்ண முடிவது, குறைந்தது ஒரு கன்சல்டன்ட்டாவது அக்கறைப்படுவது: இந்த மூன்றும் சேரும் இடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

சென்ட்ரல் லைன் இதற்குப் பொருத்தமானது. லைன் போடும்போது செய்ய வேண்டியவை சிலவே: கை சுத்தம், தொப்பி, மாஸ்க், ஸ்டெரைல் கவுன், கையுறை, நோயாளியைத் தலை முதல் கால் வரை மூடும் பெரிய டிரேப் (கிருமியற்ற விரிப்பு), ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினியைப் பூசி அது காயும் வரை காத்திருப்பது, பெரியவர்களுக்கு முடிந்தவரை தொடையில் போடாமலிருப்பது, தேவை முடிந்த அன்றே எடுத்துவிடுவது.

இரண்டாம் படி: யாரையும் திருத்தாமல் பாருங்கள்

முதல் இரண்டு வாரம் வாய் திறக்காதீர்கள். லைன் போடும்போதெல்லாம் பக்கத்தில் நின்று என்ன நடக்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் எழுத வேண்டாம். பெயர் எழுதினால் நாளை முதல் நீங்கள் வரும்போது மட்டும் ஒழுங்காக நடக்கும். நோயாளிக்கு உடனே ஆபத்து வரும் என்றால் மட்டும் பேசுங்கள். அங்கே குறிப்பேடு முக்கியமல்ல.

பகலில் மட்டும் பார்க்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையும் அதிகாலை மூன்று மணியும் கட்டாயம் சேர வேண்டும். எங்கள் குறிப்பில் கை சுத்தமும் கையுறையும் எப்போதும் சரியாக இருந்தன. பெரிய டிரேப் இரவில் மட்டும் காணாமல் போனது. பகல் டாக்டர் நல்லவர், இரவு டாக்டர் அலட்சியக்காரர் என்று நானும் முதலில் நினைத்தேன். பிறகுதான் பெரிய டிரேப் மெயின் ஸ்டோரில் இருக்கிறது, இரவு எட்டு மணிக்கு ஸ்டோர் பூட்டிவிடுவார்கள் என்று தெரிந்தது.

மூன்றாம் படி: அலமாரியைச் சரி செய்யுங்கள்

பாடம் எடுப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் சர்ஜிக்கல் ஐசியூவில் பீட்டர் புரோனோவோஸ்ட் குழுவினர் செய்த ஐந்து மாற்றங்களில் ஒன்று வெறும் ஒரு டிராலிதான். சென்ட்ரல் லைனுக்கு வேண்டிய எல்லாம் அந்த ஒரே டிராலியில். அதற்கு முன் ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு இடத்துக்கு ஓட வேண்டியிருந்தது. பி.பி. இறங்கிக்கொண்டிருக்கும் நோயாளியை விட்டு யார் ஓடுவார்கள்?

உங்கள் டிராலியில் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு முழு செட் இருக்கட்டும். கவுன், டிரேப், தொப்பி, மாஸ்க், இரண்டு அளவில் கையுறை, குளோர்ஹெக்ஸிடின், லைன் கிட், தையல் நூல், டிரான்ஸ்பரன்ட் டிரெஸ்ஸிங், செக்லிஸ்ட் தாள் எல்லாம் அதில் அடக்கம். ஷிஃப்ட் மாறும்போது எத்தனை செட் மிச்சம் என்று எண்ணுவதை ஹேண்டோவரில் சேர்த்துவிடுங்கள், எமர்ஜென்சி டிராலியை எண்ணுவது போல.

இங்கே பணப் பேச்சு வரும். அரசு மருத்துவமனையில் இன்டென்ட் (பொருள் கேட்புச் சீட்டு) போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தனியாரில் ஒவ்வொரு கவுனும் நோயாளியின் பில்லில் ஏறும். ‘அட்டெண்டர் (நோயாளியோடு வந்தவர்) கேள்வி கேட்பாங்க’ என்பார்கள். கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். ஒரு செட்டின் விலையை ஒரு பக்கம் எழுதுங்கள். லைன் தொற்று வந்த ஒருவருக்குக் கூடுதலாக ஆன ஐசியூ நாட்கள், ஆன்டிபயாடிக், கல்ச்சர், புது லைன் செலவை மறுபக்கம் எழுதுங்கள். உங்கள் மருத்துவமனை பில்லிலிருந்தே எடுங்கள். சூப்பிரண்டென்ட் மேஜையில் வெளிநாட்டுக் கட்டுரையைவிட அந்த ஒரு தாள் அதிகம் பேசும்.

நான்காம் படி: உங்கள் ஐசியூவின் மொழியில் ஒரு பக்கம்

‘அதிகபட்சத் தடுப்பு முறைகளைக் கடைப்பிடிக்கவும்’ என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் செய்யத் தோன்றாது. ‘டிராலியின் இரண்டாம் தட்டிலுள்ள பெரிய நீல டிரேப்பைத் தலை முதல் கால் வரை விரிக்கவும்’ என்று எழுதுங்கள். யார், எப்போது, எந்தப் பொருளால் என்பது ஒவ்வொரு வரியிலும் இருக்கட்டும். வரைவை இரவு டியூட்டி சிஸ்டரிடமும், முதலாம் ஆண்டு பி.ஜி.யிடமும் காட்டுங்கள். அவர்கள் எங்கே தயங்குகிறார்களோ அந்த வரியைத் திருத்துங்கள்.

லைன் போட்ட பின் பார்த்துக்கொள்வதற்குத் தனியாக ஒரு பகுதி வையுங்கள், ஏனென்றால் அது முழுக்க நம் வேலை. டிரான்ஸ்பரன்ட் டிரெஸ்ஸிங் என்றால் ஏழு நாளுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். காஸ் துணி வைத்திருந்தால் இரண்டு நாள். ஈரமானாலோ ஓரம் பிரிந்தாலோ அழுக்கானாலோ அப்போதே. நம் ஊர் வியர்வையில் கழுத்து டிரெஸ்ஸிங் ஏழு நாள் தாங்குவது அரிது. தேதியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஓரத்தைப் பாருங்கள். ரத்தமோ லிப்பிடோ (கொழுப்புக் கரைசல்) ஏற்றிய குழாய் செட்டை 24 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். புரோபோஃபால் என்ற மயக்க மருந்து ஏற்றும் குழாய் செட் 6 முதல் 12 மணி நேரம்தான். ஒவ்வொரு முறை மருந்து செலுத்தும் முன்பும் ஹப்பை (லைனில் மருந்து செலுத்தும் வாய்) ஆல்கஹாலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். நாங்கள் 15 விநாடி என்று வைத்தோம். தேய்க்கும்போது வாய்க்குள் எண்ணிப் பாருங்கள். நாம் இதுவரை செய்தது எவ்வளவு குறைவு என்று தெரியும்.

செய்யக் கூடாததையும் எழுதுங்கள். ‘ஏழு நாளாச்சு, லைனை மாத்திடலாம்’ என்பது பல ஐசியூக்களில் பழக்கம். தொற்றைத் தடுப்பதற்காக நாள் கணக்கு வைத்து சென்ட்ரல் லைனை மாற்றத் தேவையில்லை என்றே வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. தேவையில்லாத லைனை எடுப்பது வேறு, நல்ல லைனைப் பிடுங்கி இன்னொரு குத்து குத்துவது வேறு.

ஐந்தாம் படி: ‘நிறுத்துங்க’ என்று சொல்லும் அதிகாரம்

எல்லாவற்றிலும் கடினமானது இதுதான், நான் அதிக நாள் செலவழித்ததும் இதில்தான்.

ஹாப்கின்ஸ் ஐசியூவில் செக்லிஸ்ட்டை நிரப்பியவர்கள் செவிலியர்கள். முதல் மாதத்தில் 38 முறை லைன் போட்டதில் 12 முறை செவிலியர் குறுக்கிட வேண்டியிருந்தது. உலகப் புகழ்பெற்ற மருத்துவமனையிலேயே மூன்றில் ஒரு பங்கு. விதி மீறப்பட்டால் நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை நிர்வாகம் அவர்களுக்கு வெளிப்படையாகக் கொடுத்திருந்தது. அந்த ஐசியூவில் 1998இன் முதல் காலாண்டில் 1,000 லைன் நாளுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் லைன் இருந்தால் அது ஒரு லைன் நாள்) 11.3 ஆக இருந்த தொற்று 2002இன் கடைசிக் காலாண்டில் பூஜ்யத்துக்கு வந்தது.

இங்கே அந்த அதிகாரத்தைத் தாளில் எழுதிவிட்டால் மட்டும் வந்துவிடாது. 23 வயது சிஸ்டர், ஒப்பந்த வேலை, எதிரே அசோசியேட் புரொஃபசர். ‘சார், நிறுத்துங்க’ என்ற சொல் தொண்டையைத் தாண்டாது. அந்தப் பெண்ணைத் தைரியமில்லாதவள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவள் பேசினால் அவளுக்கு ஒன்றும் ஆகாது என்பதை நாம்தான் முதலில் உறுதிப்படுத்த வேண்டும்.

நான் செய்தது இது. முதலில் ஐசியூ பொறுப்பு கன்சல்டன்ட்டிடம் தனியாகப் பேசினேன், ரவுண்ட்ஸில் எல்லார் முன்னாலும் அல்ல. நம் குறிப்புகளைக் காட்டி, ஒரு சின்ன ஆணையில் கையெழுத்து கேட்டேன். லைன் போடும்போது உதவும் செவிலியர் செக்லிஸ்ட்டை வாசிப்பார். ஒரு படி விடுபட்டால் சொல்வார். சொன்னால் நிறுத்திச் சரி செய்ய வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் எந்நேரமானாலும் கன்சல்டன்ட்டை அழைக்கலாம். கடைசி வரிதான் உயிர். அவர் எண்ணையும் அதிலேயே எழுதி வாங்கினேன்.

அடுத்தது வாக்கியங்கள். ‘தைரியமா பேசுங்க’ என்று வகுப்பெடுப்பதில் பயனில்லை. பேச வேண்டிய சொல்லையே கையில் கொடுங்கள். நாங்கள் பழகியது: ‘டாக்டர், ஒரு நிமிஷம். ஸ்லீவ் மானிட்டர்ல பட்டுடுச்சு, புது கவுன் பிரிச்சுட்டேன்.’ குற்றம் சாட்டும் சொல் இல்லை. என்ன நடந்தது, அதற்கு மாற்று கையில் தயார், அவ்வளவுதான். இன்னொன்று: ‘சார், குளோர்ஹெக்ஸிடின் இன்னும் காயல. காயற வரைக்கும் நான் டிரேப் சரி பண்ணிடறேன்.’ கேட்காவிட்டால் இரண்டாம் முறை அதையே கொஞ்சம் அழுத்தி. அதற்கும் கேட்காவிட்டால், ‘சார், நான் மேடத்துக்கு போன் பண்றேன்’ என்று சொல்லிவிட்டு, பொறுப்பு கன்சல்டன்ட்டை அழைப்பது. ஹேண்டோவர் முடிந்த பத்து நிமிடத்தில், ஒருவர் டாக்டராகவும் ஒருவர் சிஸ்டராகவும் நின்று சத்தமாகச் சொல்லிப் பழகினோம். முதல் நாள் எல்லாரும் சிரித்தார்கள். நான்காம் நாள் ஒரு ஜூனியர் வந்து, ‘அக்கா, நேத்து நைட் சொல்லிட்டேன்’ என்றாள். அந்த முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

முதல் அழைப்பு கன்சல்டன்ட்டுக்குப் போகும் இரவு முக்கியமான இரவு. அவர் எடுத்து, சிஸ்டர் பக்கம் நின்றால் விதி நின்றுவிடும். ‘இதுக்கெல்லாமா கூப்பிடுவீங்க’ என்றால் ஆறு மாத வேலை போய்விடும். அதை அவரிடம் முன்கூட்டியே இதே சொற்களில் சொல்லிவிடுங்கள்.

பி.ஜி.க்களையும் மறக்க வேண்டாம். செக்லிஸ்ட்டைத் தங்களை மாட்டிவிடும் பொறியாக அவர்கள் நினைத்தால் எதிர்ப்பார்கள். புது போஸ்டிங் தொடங்கும் முதல் நாளே டிராலியைக் காட்டி, ஒரு செட்டைப் பிரித்துப் பழக்கி, ‘ராத்திரி நீங்க தனியா இருக்கும்போது உங்களுக்கு ஒரு கூடுதல் கண்ணு இது’ என்று சொல்லுங்கள். பயந்துகொண்டே லைன் போடும் முதலாண்டு மாணவருக்கு அது உண்மையிலேயே ஆறுதல்.

ஆறாம் படி: தினமும் ஒரு கேள்வி

‘இந்த லைன் இன்னைக்கு எதுக்கு?’ ரவுண்ட்ஸில் ஒவ்வொரு படுக்கையிலும் செவிலியர் கேட்க வேண்டும், பதில் கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும். நார்அட்ரினலின் (பி.பி.யை உயர்த்தும் மருந்து) ஓடுகிறது என்பது பதில். ‘இருந்துட்டுப் போகட்டும்’ என்பது பதில் அல்ல. அப்படி வந்தால் கையில் ஒரு நல்ல வெயின் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். ரத்தம் எடுக்க வசதி என்பதற்காகவே பல லைன்கள் நாட்கணக்கில் கிடக்கின்றன. எடுக்கச் சொல்வதோடு, போட வேண்டிய கானுலாவையும் (கை நரம்பில் போடும் சிறு குழாய்) நீங்களே முன்வந்து போட்டுவிட்டால் லைன் அன்றே வெளியே வரும்.

ஏழாம் படி: எண்ணுங்கள், எண்ணியதைக் காட்டுங்கள்

தினமும் ஒரே நேரத்தில் எத்தனை நோயாளிகளுக்கு சென்ட்ரல் லைன் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒருவருக்கு இரண்டு லைன் இருந்தாலும் கணக்கில் ஒன்றுதான். மாதம் முழுவதையும் கூட்டினால் லைன் நாட்கள். தொற்று எண்ணிக்கையை அதால் வகுத்து 1,000ஆல் பெருக்குங்கள். தினமும் சராசரி 8 பேர், 30 நாள் என்றால் 240 லைன் நாட்கள். அந்த மாதம் 2 தொற்று என்றால் 1,000 லைன் நாளுக்கு 8.3.

எதைத் தொற்று என்று எண்ணுவது என்பதை மைக்ரோபயாலஜி டாக்டரோடு உட்கார்ந்து முதலிலேயே முடிவு செய்யுங்கள். லைன் தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் இருந்திருக்க வேண்டும், கல்ச்சரில் உறுதியாகியிருக்க வேண்டும், அந்தக் கிருமி வேறிடத்துத் தொற்றிலிருந்து வந்ததாக இருக்கக் கூடாது. இந்த வரையறை ஆளுக்கு ஆள் மாறினால் எண்ணுக்கு மதிப்பில்லை. இங்கிலாந்தில் இதே சென்ட்ரல் லைன் திட்டம் நடந்தபோது மேரி டிக்சன்-வுட்ஸ் குழுவினர் ஐசியூக்களில் நேரில் இருந்து பார்த்தார்கள். ஒவ்வோர் ஐசியூவும் வெவ்வேறு விதமாக எண்ணிக்கொண்டிருந்தது. அந்தத் திட்டம் அமெரிக்காவின் மிச்சிகனில் நடந்ததைப் பின்பற்றியது. மிச்சிகனில் 103 ஐசியூக்களின் தரவில், 1,000 லைன் நாளுக்கு 2.7 ஆக இருந்த இடைநிலைத் தொற்று விகிதம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) மூன்றே மாதத்தில் பூஜ்யமானது. அந்த முடிவு 2006இல் வெளியானது. இங்கிலாந்திலும் தொற்று குறைந்தது, ஆனால் திட்டம் இன்னும் தொடங்காத ஐசியூக்களிலும் குறைந்துகொண்டிருந்தது. மேலிடத்திலிருந்து வந்த இன்னொரு உத்தரவு என்றே அங்கே பலர் அதைப் பார்த்தார்கள். தாள் ஒன்றுதான் என்றாலும் அதை யார் தங்கள் வேலையாக எடுத்துக்கொண்டார்கள் என்பதில் வித்தியாசம் இருந்தது.

எண்ணைக் காட்டுவதிலும் பக்குவம் வேண்டும். நடைமுறையைக் கணக்கெடுத்துத் திருப்பிச் சொல்வது பற்றி 140 ஆய்வுகளைத் தொகுத்த 2012 காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) மதிப்பாய்வு, இடைநிலை முன்னேற்றம் 4.3 சதவீதப் புள்ளிதான் என்று கண்டது. அதே மதிப்பாய்வு எப்போது பலன் கூடுகிறது என்றும் சொல்கிறது: மேலதிகாரியோ உடன் வேலை செய்பவரோ சொல்லும்போது, ஒரு முறைக்கு மேல் சொல்லும்போது, வாயாலும் எழுத்தாலும் சொல்லும்போது, இலக்கும் அடுத்து என்ன செய்வது என்ற திட்டமும் சேர்ந்திருக்கும்போது. வருடக் கடைசியில் பவர்பாயின்ட் போடுவதில் இதில் எதுவும் இல்லை. டியூட்டி ரூம் பலகையில் ‘கடைசித் தொற்று வந்து எத்தனை நாள்’ என்று எழுதி, வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் நின்றபடியே பேசுங்கள்.

தொற்று ஒன்று வந்துவிட்டால் இரண்டு நாளுக்குள் கூடுங்கள். யார் போட்டது என்று தொடங்காதீர்கள். எங்கே, எந்த நேரத்தில், என்ன பொருள் இல்லாமல், டிரெஸ்ஸிங் எப்போது மாறியது என்று பின்னோக்கிப் போங்கள். எங்கள் ஒரு கூட்டத்தில் கடைசியாக வந்து சேர்ந்தது டயாலிசிஸ் அறைக்கு. அங்கே ஹப்பைத் தேய்க்க ஸ்வாப் தீர்ந்து மூன்று நாளாகியிருந்தது.

விதியை மீற வேண்டிய நேரம்

வழிகாட்டு நெறி எல்லா நோயாளிக்கும் ஒரே அளவாகப் பொருந்தாது. சி.பி.ஆர். நடக்கும்போது தொடையில்தான் லைன் போட முடிந்தது என்றால் அது தவறல்ல. காரணத்தை எழுதுங்கள்; சுத்த முறைகளை முழுதாகக் கடைப்பிடிக்க முடியாத அவசரத்தில் போட்ட லைனை முடிந்தவரை சீக்கிரம், 48 மணி நேரத்துக்குள் மாற்றுங்கள். அந்த லைனின் டிரெஸ்ஸிங்கில் சிவப்புப் பேனாவால் ‘அவசரம்’ என்றும் நேரத்தையும் எழுதினால் அடுத்த ஷிஃப்ட்டுக்குச் சொல்லாமலே தெரியும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் குளோர்ஹெக்ஸிடின் உபயோகிப்பது பற்றி குழந்தை மருத்துவரிடம் கேட்காமல் பெரியவர்களின் தாளை அப்படியே எடுத்துப் போகாதீர்கள்.

நீங்கள் லீவில் போனால்

இரண்டு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பும்போது டிராலியில் மூன்று செட்டாவது இருக்கிறதா, பலகையில் எண் மாறியிருக்கிறதா, செக்லிஸ்ட்டில் கையெழுத்துகள் லைன் போட்ட நேரத்திலேயே விழுந்திருக்கின்றனவா அல்லது காலையில் ஒரே மையில் மொத்தமாக விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மொத்தமாக விழுந்திருந்தால் கோபப்படாமல் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். மறுபடி ஏதோ ஒரு பூட்டு இடையில் வந்திருக்கிறது. இதற்காகவே ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் ஒருவரை இந்த வேலைக்குப் பழக்கி, புதிதாகச் சேரும் சிஸ்டர்களுக்கு டிராலியைக் காட்டும் பொறுப்பை அவரிடமே விட்டுவிடுங்கள். எங்கள் ஐசியூவில் இப்போது அதைச் செய்வது, அன்று ‘நேத்து நைட் சொல்லிட்டேன்’ என்று வந்து நின்றவள்தான்.